வாங்க சார், உக்காருங்க சார்

என் பிள்ளைகளுக்கு நான் கற்றுக்கொடுத்ததில் எனக்கு அதிகப் பெருமை தந்தது கணக்கோ இங்கிலீஷோ இல்லை. வீட்டுக்குப் பெரியவர்கள் யாராவது வந்தால் அவர்கள் நடந்துகொள்ளும் விதம்தான்.

திருவொற்றியூரில், நெடுஞ்சாலையிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒரு சந்தில், மாடிப் போர்ஷனில் இருக்கிறோம். சாயங்காலத்தில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். பாடத்தோடு மரியாதையையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கிற டீச்சர் என்று எனக்கு ஒரு பேர் உண்டு. அதற்கு அத்தாட்சி என் வீட்டுப் பிள்ளைகள். இது நடந்தபோது மூத்தவள் நாலாம் வகுப்பு. சின்னவன் அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தான். ஆள் வந்தால் எழுந்திருக்க வேண்டும். டிவியை நிறுத்த வேண்டும். கை கூப்பி, "வாங்க சார், உக்காருங்க சார்" என்று சொல்ல வேண்டும். தட்டில் வைத்துத் தண்ணீர் கொண்டுவர வேண்டும், டம்ளருக்குள் விரல் படக்கூடாது. வந்தவர் கையில் இருக்கும் பையைப் பார்க்கக்கூடாது. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது. அவர்கள் உட்காரச் சொல்லும்வரை நிற்க வேண்டும். வாயில் 'இன்னா', 'கீது' வரவே கூடாது.

கடைசி விதிக்கு என் கணவர் சிரிப்பார். "ஏம்மே, அப்போ நான் இன்னா பண்றது? ஆள் வந்தா வாய மூடிகினு உள்ள பூந்துக்கவா?" என்பார். அவர் ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவர். நான் எண்ணூர் பக்கத்துக்காரி என்றாலும் கன்னியாஸ்திரீகளின் விடுதியில் தங்கிப் படித்ததால் என் பேச்சை மாற்றிக்கொண்டவள். மாற்றிக்கொண்டதால் நான் ஏதோ ஒரு படி மேலே ஏறிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் வேலை செய்தது ஒரு கன்டெய்னர் யார்டில். கம்பெனி ஆள் இல்லை, கான்ட்ராக்டரின் ஆள். துறைமுகத்துக்குப் போகிற, அங்கிருந்து வருகிற பெட்டிகளின் கதவைத் திறந்து சரக்கை ஏற்றி இறக்குகிற வேலை. ஒரு பெட்டியின் கதவைப் பூட்டுகிற நீளக் கம்பி கோணலாக இருந்திருக்கிறது. அதைத் திறக்கும்போதெல்லாம் கம்பி திமிறி வந்து அடிக்கிறது என்று இவர்கள் கான்ட்ராக்டரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். "பாத்து செய்யுங்கடா" என்று அவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஒருநாள் மத்தியானம் உள்ளே இருந்த சரக்கு கதவின் மேல் சாய்ந்திருக்கிறது. இவர் கம்பியைத் தூக்கியதும் அது திருப்பி அடித்து, இடது கையின் இரண்டு விரல்களைக் கதவோடு வைத்து நசுக்கிவிட்டது.

சூப்பர்வைசர் அவரை ஆட்டோவில் ஏற்றி ஒரு சின்ன நர்சிங்ஹோமுக்குக் கொண்டுபோனார். வீட்டில் விழுந்துவிட்டார் என்று அங்கே சொன்னதும் அவர்தான். நான் போய்ச் சேர்ந்தபோது கட்டுப் போட்டிருந்தார்கள். வலியில் இவர் எதையும் மறுத்துப் பேசவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான், கட்டிலில் சாய்ந்துகொண்டு, கம்பி எப்படிக் கோணலாக இருந்தது, எப்படித் திமிறியது என்று வலது கையால் காட்டிக்காட்டி எங்களுக்குச் சொன்னார். பிள்ளைகள் இருவரும் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த வாரம் சனிக்கிழமை போன் வந்தது. நாளைக்கு மாதா கோயிலில் பூசை முடிந்ததும் கான்ட்ராக்டரே வீட்டுக்கு வருகிறார் என்று சூப்பர்வைசர் சொன்னார்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. கான்ட்ராக்டர் எந்தத் தொழிலாளி வீட்டுக்கும் போனவர் இல்லை. அவர் மனசு வைத்தால்தான் கை தேறியபின் இவருக்கு வேலை. வீட்டைக் கழுவினேன். கைப்பிடி வைத்த நாற்காலியைக் கீழ்வீட்டில் இரவல் வாங்கினேன். பிறகு பிள்ளைகளை நிற்கவைத்து ஒத்திகை பார்த்தேன். நான் வெளியே போய்க் கதவைத் தட்டி, கான்ட்ராக்டர் மாதிரி வயிற்றைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தேன். மகள் கை கூப்பினாள். சின்னவன் என் நடையைப் பார்த்துச் சிரித்துவிட்டான். அவன் காதைத் திருகினேன். "அவரு வரும்போது இப்படி சிரிச்ச, தொலைச்சிடுவேன்" என்றேன். மறுபடி வெளியே போனேன். மறுபடி தட்டினேன். கட்டிலிலிருந்து இவர், "போதும் வுடும்மே, புள்ளைங்கள பேஜாரு பண்ணாத" என்றார். நான் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். பின்னால் சூப்பர்வைசர் பழப்பையோடு வந்தார். மகள் நான் சொன்னதைவிட நன்றாகவே செய்தாள். "வாங்க சார், உக்காருங்க சார்" என்றாள். தண்ணீர்த் தட்டை இரண்டு கையாலும் நீட்டினாள். பழப்பையின் பக்கம் கண்ணே போகவில்லை. அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியா, படிச்ச பொம்பள வளத்த புள்ளைங்க. நம்ம வூட்லயும் கீதுங்களே" என்று சூப்பர்வைசரிடம் சொன்னார். நான் பிள்ளைகளுக்குத் தடை போட்டிருந்த அதே பேச்சு. அது அவர் வாயிலிருந்து வந்தபோது எனக்குத் தரக்குறைவாகப் படவில்லை.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். என் கணவர் கட்டிலிலிருந்து மெல்ல எழுந்து, தொங்கும் கையை வலது கையால் தாங்கிக்கொண்டு நின்றார். உட்காரு என்று அவர் சொல்லவில்லை. பிள்ளைகளிடமும் சொல்லவில்லை. அதனால் மூன்று பேரும் சுவரோரமாக வரிசையாக நின்றார்கள். காபி கொண்டுவந்த நான் அடுப்படி வாசலிலிருந்து அதைப் பார்த்தேன். மூவரும் ஒரே மாதிரி நின்றார்கள். ஒரே மாதிரி தலையைக் கொஞ்சம் சாய்த்திருந்தார்கள். பிள்ளைகளுக்கு நான் கற்றுக்கொடுத்தது அந்த நிலைதான். இவருக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று அப்போது யோசித்தேன். யோசனையை அங்கேயே விட்டுவிட்டுக் காபியைக் கொடுத்தேன்.

காபி குடித்து முடித்ததும் அவர் விஷயத்துக்கு வந்தார்.

"தோ பாரு. கம்பெனிலேர்ந்து யாரனா வந்து கேப்பாங்க. வூட்ல வழுக்கி வுந்துட்டேன்னு சொல்லிடு. யார்டுல ஆச்சுன்னு தெரிஞ்சா என் கான்ட்ராக்டையே புடுங்கிடுவான். அப்பால எனக்கும் இல்ல, உனக்கும் இல்ல. ஆஸ்பத்திரி செலவ நான் பாத்துக்கறேன். கை நல்லாவட்டும், வா, உன் வேல எங்கியும் போவாது. இன்னா?"

"சரிங்க சார்" என்றார் இவர்.

"டீச்சரம்மா, உனக்கும்தான்."

"சரிங்க சார்" என்றேன் நானும்.

அப்போது சின்னவன் வாயைத் திறந்தான். "அந்தக் கம்பி கோணலா இருந்துச்சுன்னு அப்பா..." என்று ஆரம்பித்தான். நான் அவனைப் பார்த்தேன். அந்தப் பார்வையை என் டியூஷன் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். அதற்குள் மகள் அவனைத் தன் பக்கம் இழுத்து, அவன் வாயின் மேல் மெதுவாகக் கையை வைத்தாள். வைத்துக்கொண்டே கான்ட்ராக்டரைப் பார்த்து, விருந்தாளியைப் பார்த்துச் சிரிப்பதுபோல் சிரித்தாள். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

அவர் போனபின் இவர் கட்டிலில் உட்கார்ந்து சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் பழத்தைக் கழுவினேன். எல்லாரும் சாப்பிட்டோம்.

சில நாள் கழித்து, டியூஷன் நடந்துகொண்டிருக்கும் நேரத்தில், கம்பெனியிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். யார்டில் பாதுகாப்பைக் கவனிக்கிறவர். என்னைவிட வயதில் கொஞ்சம் சின்னவளான ஒரு பெண். அவள் வாசலில் செருப்பைக் கழற்றியபோதே டியூஷன் பிள்ளைகள் எல்லாரும் எழுந்து நின்று ஒரே குரலில் "வணக்கம் மேடம்" என்றார்கள். அவள் கொஞ்சம் பின்வாங்கிப் பிறகு சிரித்தாள். "உக்காருங்க, உக்காருங்க. நீங்க படிங்க" என்றாள். வந்த பெரிய மனிதர்களில் பிள்ளைகளை உட்காரச் சொன்னது அவள் ஒருத்திதான். இவர் எழுந்திருக்கப் போனபோதும் தடுத்துவிட்டாள். பாயில் பிள்ளைகளுக்கு நடுவில் அவளும் உட்கார்ந்துகொண்டாள்.

இவர் சொன்னபடி சொன்னார். "பாத்ரூம்ல வழுக்கி வுந்துட்டேங்க மேடம். கதவுல கை மாட்டிகிச்சு."

"யார்டுல ஒண்ணும் ஆகலையே? பயப்படாம சொல்லுங்க. உங்களுக்கு எந்தப் பிரச்சனையும் வராம நான் பாத்துக்கறேன்."

"இல்லிங்க மேடம்."

அவள் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. என்னைப் பார்த்தாள். நான் கையிலிருந்த சாக்பீஸைப் பார்த்தேன். பிறகு அவள் என் மகள் பக்கம் திரும்பினாள். மிரட்டுகிற மாதிரி இல்லை, பேச்சுக் கொடுப்பது மாதிரிதான்.

"உங்க அப்பாவுக்கு எப்படி அடிபட்டுச்சு கண்ணு?"

மகள் எழுந்து நின்றாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கையை முன்னால் கட்டிக்கொண்டாள்.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க மேடம். கதவுல கை மாட்டிக்கிச்சு." கொஞ்சம் நிறுத்தினாள். "நான்தான் மேடம் தண்ணிய கீழ ஊத்திட்டேன். தொடைக்கல."

ரோட்டில் ட்ரெய்லர் போகிற அதிர்வில் ஜன்னல் கண்ணாடி ஆடியது. அந்தப் பெண் அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"பரவாயில்லடா. உன் மேல தப்பு இல்ல. வேணும்னா செஞ்ச?" என்றாள். அவள் முகத்திலிருந்த சந்தேகம் போய்விட்டிருந்தது. குழந்தை தன் மேலேயே பழி போட்டுக்கொண்டு பொய் சொல்லும் என்று யாருக்குத் தோன்றும்? புறப்படும்போது தன் கார்டை என்னிடம் கொடுத்து, ஏதாவது உதவி வேண்டுமானால் கூப்பிடுங்கள் என்றாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "ரொம்ப நல்லா வளர்த்திருக்கீங்க" என்றாள்.

நான் "தேங்க்ஸ் மேடம்" என்றேன். அந்த தேங்க்ஸை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

உள்ளே வந்து அன்றைய டியூஷனை முடித்தேன். பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இவர் கை எங்கே நசுங்கியது என்று தெரியும். அவர்களின் அப்பாக்களும் அதே யார்டுகளில்தான் வேலை செய்கிறார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. பெரியவர்கள் விஷயத்தில் குறுக்கே பேசக்கூடாது என்பது அவர்களுக்கும் நான் சொல்லிக்கொடுத்ததுதான்.

அந்த வருஷம் மகளுக்குப் புதுநன்மை, முதல்முறையாக நற்கருணை வாங்குகிற சடங்கு. கோயிலில் ஞாயிறுதோறும் மறைக்கல்வி வகுப்பு நடக்கும். புதுநன்மை வாங்கும் முன் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். அதற்காகப் பத்துக் கட்டளைகளையும் வைத்துக்கொண்டு, எந்தெந்தத் தப்பு எதில் வரும் என்று பிள்ளைகளை வீட்டில் யோசித்து வரச் சொல்லியிருந்தார்கள். நான் அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். மகள் வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றாள்.

"அம்மா, அன்னைக்கு அந்த மேடம்கிட்ட நான் தண்ணி ஊத்தினேன்னு சொன்னேன்ல. அது எந்தக் கட்டளைல வரும்?"

எட்டாம் கட்டளை என்று எனக்கு மனப்பாடம். பொய்ச்சாட்சி சொல்லாதே.

"அது உன் பாவம் இல்லம்மா. அது என்னோடது" என்றேன்.

"நீங்க ஒண்ணுமே சொல்லலியே. நான்தான சொன்னேன்."

"ஏன்டி அப்படி சொன்ன? தண்ணி ஊத்தினதா சொல்லுன்னு உங்கிட்ட யாரு சொன்னது?"

"அந்த மேடம் அப்பாவ நம்பல. அதான்." பிறகு, கணக்கில் எனக்குப் புரியாத ஒரு படியை விளக்குவது மாதிரி, பொறுமையாகச் சொன்னாள். "வந்தவங்க மனசு நோகாம பேசணும்னு சொல்லிருக்கீங்கல்ல. கான்ட்ராக்டர் சாரும் வந்தவர்தான். அவருகிட்ட சரின்னு சொல்லிட்டோம். இவங்களும் வந்தவங்க. அப்ப யாருக்கு மரியாத குடுக்கறதுன்னு எனக்குத் தெரியல."

கையெல்லாம் மீன் செதில். அவளைத் தொடக்கூட முடியவில்லை. எனக்கு அழுகைகூட வரவில்லை. வெட்கமாக இருந்தது. ஒன்பது வயதுப் பெண்ணின் முன்னால் உடம்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாத வெட்கம்.

அறையிலிருந்து இவர் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். "ம்மே, அந்தக் கார்ட எடு. போன் போடு" என்றார்.

"யோசிச்சுக்குங்க. வேலை..."

"போடுன்னு சொல்றேன்ல."

கை கழுவி, நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து அவர் முன்னால் பிடித்தேன். யார் பேசுவது என்று சொன்னபின் இவர் சொன்ன முதல் வாக்கியம், "மேடம், எம் பொண்ணு தண்ணி ஊத்தலிங்க" என்பதுதான். கம்பியைப் பற்றி, கான்ட்ராக்டரைப் பற்றியெல்லாம் பிறகுதான் சொன்னார்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே. குழந்தைய ஏங்க இதுல இழுத்தீங்க?" என்றாள் அவள்.

நாங்கள் இழுக்கவில்லை, அவளாகத்தான் சொன்னாள் என்று சொல்ல இவருக்கு மனசில்லை. "தப்புதாங்க" என்றார்.

விசாரணை வந்தது. கத்திவாக்கத்திலிருந்து இவரோடு வேலைக்குப் போகும் ஒருத்தர் வந்து, அந்தப் பெட்டியை ஓரங்கட்டிவிட்டதாகவும், இப்போது கதவு திறக்கும் முன் எல்லாவற்றையும் சோதித்துப் பார்ப்பதாகவும் சொன்னார். "உன்னாலதான் மாமு" என்று இவர் தோளைத் தட்டினார். ஆனால் கான்ட்ராக்டருக்குக் கான்ட்ராக்ட் போகவில்லை. இவருக்கு வேலைதான் போனது. கை நல்லாவட்டும், கூப்பிடுகிறோம் என்றார்கள். கை தேறியது, இரண்டு விரலும் மடங்கவில்லை என்றாலும் தேறியது. யாரும் கூப்பிடவில்லை. பல மாதம் சும்மா இருந்துவிட்டு, காசிமேட்டில் வலையும் கயிறும் விற்கிற ஒரு கடையில் சேர்ந்தார். இப்போதும் அங்கேதான் இருக்கிறார்.

மகள் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். வெள்ளை கவுனைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்று, உள்ளே போய், சீக்கிரமே வெளியே வந்து முழங்காலில் இருந்தாள். அவள் எதைச் சொன்னாள், எதைச் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது. அவளுக்குப் பின்னால் நானும் வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது, பொய் சொன்னேன் சாமி என்று மட்டும் சொன்னேன். நான் சொல்லாத பொய்யை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் ஓரளவு தலைநிமிர்ந்திருப்பேன். போன வருஷம், மகளோடு தேரடியில் பூ வாங்கிக்கொண்டிருந்தேன். ஒரு கார் வந்து நின்றது. கான்ட்ராக்டர் இறங்கினார். எங்களைப் பார்த்தார். அவரைப் பார்த்ததும் என் இரண்டு கையும், பூவோடு சேர்ந்து, தானாக மார்புக்கு நேரே கூடிவிட்டன. "வணக்கம் சார்" என்று என் வாய் சொல்லிவிட்டது. அவர் பார்க்காதது மாதிரி கடையைத் தாண்டிப் போய்விட்டார்.

மகள் கூப்பவில்லை. அவர் போவதையும் பார்க்கவில்லை. என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

"பழக்கம்" என்றேன்.

அவள் இப்போது எட்டாம் வகுப்பு. யாராவது வந்தால் எழுந்து, ஒரு தலையசைப்போடு உள் அறைக்குப் போய்விடுகிறாள். என் அண்ணன் வந்தால்கூட அப்படித்தான். "ஏன் இந்தப் பொண்ணு இப்படி ஆயிடுச்சு, எவ்ளோ மரியாதயா இருக்குமே" என்று அவர் கேட்கிறார். பெரிய பிள்ளையாகிவிட்டாள், கூச்சம் என்று சமாளிக்கிறேன். அவளைக் கூப்பிட்டு, மாமாவுக்கு வாங்க சொல்லு என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

டியூஷன் மட்டும் நடக்கிறது. போன வாரம் ஒரு அம்மா புதிதாக ஒரு பையனைக் கொண்டுவந்து விட்டாள். மீன் மார்க்கெட்டிலிருந்து நேராக வந்திருந்தாள். "படிப்பு வருதோ இல்லியோ டீச்சர், கொஞ்சம் மரியாத சொல்லிக் குடு. வூட்டாண்ட யாரனா பெரிய ஆளு வந்தா இது பாட்டுக்கு 'இன்னா'ன்னு கேக்குது. மானமே போவுது" என்றாள்.

"சரிம்மா" என்றேன். அவள் படியிறங்கிப் போனாள். பையன் கால்சட்டைப் பையில் கையை விட்டுக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். மற்ற பிள்ளைகளும், நான் அவனுக்கு முதலில் எதைச் சொல்லப் போகிறேன் என்று காத்திருந்தார்கள். எழுந்து நிற்பதிலிருந்து ஆரம்பிப்பதா, கை கூப்புவதிலிருந்தா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். பாயில் ஒரு இடத்தைக் காட்டி, உட்காரு என்றேன்.